நைனாவுக்குச் சேனை வைத்தார்கள்

முட்டாள்களில் பல ரகம் உண்டு. வாயை மூடிக்கொண்டு முட்டாளாக இருப்பவர்கள் உத்தமர்கள், அவர்களால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் வாயைத் திறந்த ரகம். எட்டு வயதில், இடுப்பில் கோவணம் மட்டும் கட்டிக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் நடுவே நின்று நான் சொன்ன ஒரு பேச்சில் என் நைனா செத்துப்போனார். கருமாதி செய்தோம், காக்காய்க்குச் சோறு வைத்தோம், அந்தக் காக்காய்கூட மறுக்காமல் தின்றது. எல்லாம் முறையாக முடிந்து ஒரு மழைக்காலமும் கழிந்த பிறகு, அவர் நடந்தே வந்து சேர்ந்தார்.

இதை என் வயசுக்காரர்களான உங்களிடம்தான் சொல்ல முடிகிறது. இளசுகளிடம் சொன்னால் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். உங்களுக்கோ போக வேறு இடமில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேளுங்கள்.

எங்கள் குப்பம் ராயபுரத்தில், ஹார்பருக்கு வடக்கே. காற்று தெற்கிலிருந்து வீசினால் நிலக்கரித் தூள், வடக்கிலிருந்து வீசினால் கருவாட்டு வாசனை. இரண்டும் இல்லாத நாளில் எங்களுக்கு மூச்சு முட்டும். நைனா மீன் பிடிக்கிற வீட்டில் பிறந்தாலும் ஹார்பர் வேலைக்குப் போனவர். நடுக்கடலில் நிற்கிற கப்பலிலிருந்து மூட்டை இறக்குகிற படகில் துடுப்பு போடுவார். முதல் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பஸ்ரா என்று ஓர் ஊராம், அங்கே ஆறு இருக்கிறதாம், படகு இருக்கிறதாம், ஓட்டத்தான் ஆள் இல்லையாம். ஆள் பிடிக்கிறவர் கடற்கரையில் நின்று இப்படிச் சொல்ல, எங்கள் பக்கத்தில் கொஞ்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். நைனாவும் கொடுத்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அடுப்பைப் பார்த்தால் தெரியும்.

அவர் புறப்பட்ட காலையில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்தபோது அம்மா மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நைனா எங்க?"

"சண்டைக்குப் பூட்டாரு."

"என்ன ஏன் எழுப்பல?"

"தூங்குற புள்ளய எழுப்ப வாணாம்னாரு."

அவ்வளவுதான். எனக்குப் பெரிய வருத்தம் என்று சொல்லிக்கொள்ள ஆசை, ஆனால் அன்றைக்கு நான் நண்டு பிடிக்கப் போனேன். வருத்தம் பிறகு வந்தது, அதுவும் அடுத்த குடிசைப் பையனால் வந்தது. அவன் அப்பாவும் அதே கப்பலில் போனவர். அவன் ஒருநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்:

"எங்க நைனா எம் பம்பரத்த எடுத்துகினு பூட்டாரு. அத்தப் பாத்தா நான் நெனப்பு வருமாம். ஒங்க நைனா ஒன்னுது இன்னா எடுத்துகினு போனாரு?"

"சொல்லமாட்டேன்," என்றேன்.

சொல்ல ஒன்றும் இல்லாததால் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து என் சொத்துக்களைச் சோதித்தேன். கிளிஞ்சல், ஓட்டைச் செம்பு, வால் அறுந்த காற்றாடி. ஒன்றும் குறையவில்லை. குறையாமல் இருந்ததுதான் என் குறை. அவர் பட்டாளத்துக்குப் போனதைவிட என் ஓட்டைச் செம்பை விட்டுவிட்டுப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூட்டை வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. பியூன் ஒருவர் வந்து நைனாவின் பெயரைச் சொன்னார், ஜுரத்தில் போய்விட்டார் என்றார், துணிமூட்டை ஒன்றை மணலில் வைத்தார், கையைத் துடைத்துக்கொண்டு போனார். அம்மா அழவில்லை. முடிச்சை அவிழ்த்தாள். காக்கிக் கோட்டு ஒன்று, தகரக் குவளை, கரண்டி, சுருக்குப் பை. எல்லாவற்றிலிருந்தும் ஆஸ்பத்திரி மருந்து வாசனை எழுந்தது. எங்கள் குடிசையின் மீன் வாசனையே அதற்குப் பயந்து ஒதுங்கியது போலிருந்தது.

அம்மா அந்தக் கோட்டின் கக்கத்தை மோந்து பார்த்தாள். கூட்டம் கூடிவிட்டது. சித்தப்பா, சித்தி, பக்கத்து வீடுகள், எல்லோருக்கும் நடுவில் நாட்டார். நாட்டார் என்றால் எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர். பெண் கொடுப்பதிலிருந்து பிணம் எடுப்பது வரை அவர் சொல்தான்.

"இது அவுரு வேர்வ இல்ல," என்றாள் அம்மா.

"மருந்து வாடைல ஒனக்கு இன்னா தெரியும்?" என்றார் நாட்டார்.

அம்மா கோட்டுப் பைக்குள் விரலை விட்டு எடுத்தாள். நுனியில் பழுப்புத் தூள்.

"மூக்குப் பொடி. அவுருக்கு இந்தப் பழக்கமே கெடையாது நாட்டாரே."

"சண்டைக்குப் போனவன் எத்தினியோ கத்துப்பான்."

அம்மா விடவில்லை. சுருக்குப் பையைக் கவிழ்த்தாள். ஒரு குழந்தை வளையல் விழுந்தது. கருகமணி கோத்து, நடுவில் ஒரு சின்னச் சோழி வைத்தது. கண் படாமல் இருக்கக் கைக்குழந்தைக்குக் கட்டுவார்களே, ஆணானாலும் பெண்ணானாலும், அது. சோழியின் ஒரு ஓரம் உடைந்திருந்தது.

அம்மாவின் முகம் தெளிந்தது. இவ்வளவு வருஷம் கழித்தும் அந்தத் தெளிச்சல் என் கண்ணில் இருக்கிறது. "பாருங்க! எம் புள்ளைக்கு நான் கருகமணி கட்டவே இல்ல. வசம்புதான் கட்டுனேன். இது வேற யாரோட மூட்டையோ!"

நாட்டார் தாடியைத் தடவினார். கூட்டத்தில் முணுமுணுப்பு. எல்லோரும் அந்த வளையலைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். அடுத்த குடிசைப் பையனும் பார்த்துக்கொண்டு நின்றான். என் மனசுக்குள் சாவு இல்லை, யுத்தம் இல்லை, தாலி இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நைனா எதையோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு சின்னக் கையின் வளையலை, பஸ்ரா வரைக்கும், பைக்குள் பை வைத்து.

"அது என்னுது," என்றேன்.

"இன்னாடா?" என்றார் நாட்டார்.

"என்னுதுதான். நைனாதான் எனக்குக் கட்டுனாரு. எனக்கு நல்லா நெனப்பு கீது."

தொட்டிலில் கிடந்த காலத்து நினைப்பு! நேற்று சாப்பிட்டது என்ன என்று கேட்டால் இன்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு மட்டும் அப்படி ஒரு ஞாபகசக்தி. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. யார் நீ என்பது போல ஒரு பார்வை.

"கொழந்த பொய் சொல்லுமா?" என்றார் நாட்டார். "தாய்க்காரிக்கு மனசு ஒப்பல, அதான் மறந்து பூட்டா. தலைய முழுவ வையுங்க."

அத்துடன் முடிந்தது. அம்மாவின் வளையல்களை உடைத்தார்கள். சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, ஈர மணலில் உடைத்ததால். நான் மொட்டையடித்துக்கொண்டு கொள்ளி வைக்கிற மகனாக முன்னால் நடந்தேன். பிணம் இல்லாததால் காக்கிக் கோட்டை எரித்தார்கள். கோட்டு நன்றாக எரிந்தது. எனக்கு அன்றைக்குப் பசித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வளையலை மட்டும் நான் எரிக்க விடவில்லை. என் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். அடுத்த குடிசைப் பையனிடம் போய்க் கோவணத்தை விலக்கிக் காட்டினேன். "பம்பரம் இன்னாடா பம்பரம்? பம்பரம் கடையில கெடைக்கும்." அவன் அப்பா கடைசி வரை வரவே இல்லை. அது தெரியாததால் நான் அன்றைக்கு ஜெயித்தவன்.

அம்மாவுக்கு என்ன ஆனது என்றால், போணி போயிற்று. காலையில் முதல் வியாபாரம் தாலி அறுத்தவளிடம் செய்யமாட்டார்கள். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, மற்றவர்களுக்கெல்லாம் போணி ஆகிற வரை மார்க்கெட்டின் ஓரமாகத் திரும்பி உட்கார்ந்திருப்பாள். முன்பெல்லாம் அவள் குரல் மணிக்கூண்டு வரை கேட்கும். இப்போது வாங்க வந்தவர்களே "மீன் எவ்ளோ?" என்று கேட்க வேண்டியிருந்தது. சாயங்காலம் கெட்டுப்போன மீனைக் கொண்டுவந்து குழம்பு வைப்பாள். நான் வளையலைத் தடவிக்கொண்டே தின்பேன். அவள் ஒருநாளும் அதைப்பற்றி என்னிடம் பேசவில்லை. பேசியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இந்த வயதில் தனக்குத்தானே நல்லபிள்ளை ஆவதற்குக் காசு கேட்பதில்லை.

நைனா வந்த நாள் உச்சி வெயில். ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு ஆள் வந்தார். மொட்டைத் தலை, எலும்பு, தோளில் ஒரு போர்வை. நாய்கூடக் குரைக்கவில்லை. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த சித்தப்பாதான் முதலில் பார்த்தார். எங்கள் சித்தப்பா கடலில் சுறாவைக் கண்டு பயப்படாதவர். வலையைப் போட்டுவிட்டு ஓடி, கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அங்கிருந்து கேட்டார்: "அண்ணே, நீ செத்துட்ட, தெரியுமா?"

"தெரியாது," என்றார் நைனா.

அம்மா வெளியே வந்தாள். கையில் மீன் செதில். முதலில் அவர் கால்களைப் பார்த்தாள், மணலில் பதிகிறதா என்று. பதிந்திருந்தது. ஒரு அடி முன்னால் வந்தாள். அதற்குள் நாட்டார் கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"நில்லு! கருமாதி ஆன ஆளு வூட்டுக்குள்ள காலு வைக்கக் கூடாது! நீயும் கிட்ட போவாத!"

அன்றைக்கே பஞ்சாயத்து கூடியது. காரியம் முடிந்தவன் உயிரோடு வந்தால் என்ன செய்வது? பழைய முறை ஒன்று இருந்தது. அவன் மறுபடியும் பிறக்க வேண்டும். பிறந்து, சேனை வைத்து, பெயர் வைத்து, பிறகு தன் பெண்சாதிக்கே மறுபடி தாலி கட்ட வேண்டும். அதுவரைக்கும் அவன் ஊரில் இல்லாத ஆள். நைனாவிடம் இதை விளக்கியபோது அவர் கேட்டது பாதி, கேட்காதது பாதி. "சரி," என்றார். வலைக் கொட்டகையில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். கடல் பக்கம் பார்த்து உட்காரவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

சித்தப்பாவுக்கு நாக்கு துறுதுறுவென்றது. "அண்ணே, அப்ப அந்த மூட்ட..."

"வாய மூடு," என்றார் நாட்டார். "இன்னும் பொறக்காதவன்கிட்ட சாவப் பத்திப் பேசறதா? எல்லாம் முடியட்டும்."

மூட்டை யாருடையது என்று கேட்க எல்லோருக்கும் ஆசை, எல்லோருக்கும் பயம். அம்மா மட்டும் என் இடுப்பைப் பார்த்தாள். நான் கையால் மறைத்துக்கொண்டேன். எனக்கும் கணக்கு புரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் நான் அதை வேறு பக்கம் திருப்பினேன். மூட்டை மாறியிருக்கலாம், கோட்டு மாறியிருக்கலாம், வளையல் மட்டும் ஏன் என்னுடையதாக இருக்கக் கூடாது? நைனா உயிரோடு இருக்கிறார் என்பதால் அவர் எனக்காக ஒன்றும் எடுத்துப் போகவில்லை என்று ஆகிவிடுமா? இரண்டையும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

பிறப்பு நடந்த காலையில் குப்பமே கொட்டகையைச் சுற்றி நின்றது. நைனாவைக் கடலில் முக்கி எடுத்தார்கள். பாய்த் துணியில் ஒரு ஏணை கட்டி அதில் படுக்க வைத்தார்கள். ஆறடி ஆள். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் வெளியே தொங்க, ஏணை நடுவில் கிழிந்து அவர் பொத்தென்று மணலில் விழுந்தார். யாராவது சிரிக்க மாட்டார்களா என்று எல்லோரும் காத்திருந்தோம். நைனா சிரித்தால் சிரிக்கலாம் என்று இருந்தது. அவர் எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு, அடுத்து எங்கே படுக்க வேண்டும் என்பதுபோல நாட்டாரைப் பார்த்தார். புதுத் துணி கட்டி மறுபடி போட்டார்கள்.

சேனை யார் வைப்பது என்பதில் சண்டை வந்தது. பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. வைத்தவர் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். சித்தப்பா முன்னே வந்தார். "நீயா? வாணாம், அவன் உன்ன மாதிரி சாராயக் கடயிலயே குந்திக்குவான்," என்று பெண்கள் விரட்டினார்கள். கடைசியில் குப்பத்து மருத்துவச்சி வைத்தாள். அவள்தான் என்னையும் இழுத்துப் போட்டவள்.

வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். "பொறந்த புள்ள அழுவணும். அழுவாத புள்ள தங்காது."

"அழுடா," என்றார் நாட்டார், ஏணைக்குள் குனிந்து.

நைனா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"சும்மாவாச்சும் அழு. குவா குவான்னு ஒரு சத்தம் போடு, போதும்."

நைனா வாயைத் திறந்தார். அதைப் பார்த்தேன். திறந்தார், சொன்ன வேலையைச் செய்கிற ஆளைப்போல. ஒன்றும் வரவில்லை. மருத்துவச்சி அவரைப் புரட்டி முதுகில் ஒரு அடி வைத்தாள், குழந்தைக்கு வைப்பதுபோல அல்ல, மாட்டுக்கு வைப்பதுபோல. வரவில்லை. இன்னொன்று. வரவில்லை. "ஊமையா பொறந்துகினாரோ?" என்று ஒரு பெண் சொல்லிப் பார்த்தாள். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா தூரத்தில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கிட்டே வர அவளுக்கு அனுமதி இல்லை.

நாட்டாருக்கு முகம் வேர்த்தது. அப்புறம் சித்தப்பாவிடம் என்னவோ சொன்னார். நான் ஏணைக்குப் பின்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா வந்து என் தொடையில் நகம் பதிய ஒரு கிள்ளு கிள்ளினார். நான் குப்பம் அதிர அழுதேன்.

"அழுதுச்சு!" என்றார் நாட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். என் நைனாவுக்காக நான் அழுதது அந்த ஒரு தடவைதான். அதற்கும் தொடைதான் காரணம்.

மூன்றாம் நாள் கல்யாணம். உங்களில் எத்தனை பேர் உங்கள் அப்பா அம்மா கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள்? நான் இரண்டு பந்தியில் சாப்பிட்டேன். கன்னிமார் மேடைக்கு முன்னால் பந்தல். அம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள், அது யாருடைய தலையோ போல இருந்தது. அத்தைமார்கள் வாயை மூடவே இல்லை.

"பொண்ணுக்கு வயசு முப்பது. மாப்ளைக்கு?"

"பொறந்து மூணு நாளு!"

"அப்ப ராவுல பால் குடுத்துத் தூங்க வையுடி!"

அம்மா சிரித்தாள். பல மாசத்துக்குப் பிறகு அவள் பல்லைப் பார்த்தேன். நைனா தாலியைக் கட்டினார். முடிச்சு மட்டும் அவர் கைக்கு மறக்கவில்லை. ஒரே இழுப்பில் விழுந்தது.

நாட்டார் தொண்டையைக் கனைத்தார். "இன்னொன்னு கீது. பொறந்து மூணு நாளான ஆளுக்கு ஒம்போது வயசுல புள்ள ஏது? அந்தப் பையன மடியில குந்த வையி. எல்லாரு முன்னாடியும் இவன் என் புள்ளன்னு சொல்லு. அப்பதான் செல்லும்."

என்னைத் தள்ளினார்கள். நைனாவின் மடியில் போய் உட்கார்ந்தேன். எலும்பு குத்தியது. அவரிடமிருந்து மஞ்சளும் கடல் உப்பும் கலந்து வாசனை வந்தது, எனக்குத் தெரிந்த வாசனை ஒன்றும் வரவில்லை. அவர் கை என் இடுப்பைச் சுற்றி வந்தது. "இவன்..." என்று ஆரம்பித்தார். விரல் வளையலில் பட்டது.

கை நின்றது. கோவணத்து ஓரத்திலிருந்து அதை வெளியே இழுத்துச் சோழியைத் திருப்பிப் பார்த்தார். உடைந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தொட்டார்.

"இது ஒங்கிட்ட எப்பிடி வந்துச்சு?"

வந்த பிறகு அவர் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நீதான எனக்காக எடுத்துகினு போன," என்றேன்.

"இல்ல. இது எண்ணூர்க்காரனுது. அவம் பொண்ணு கையில கட்டியிருந்தது."

நைனா யாரையும் பார்க்காமல், துண்டு துண்டாகச் சொன்னார். எண்ணூர்க் குப்பத்து ஆள் ஒருவர், அவரோடு ஒரே படகில் இருந்தவர். மூக்குப் பொடி போடுவார். அவருக்கு ஜுரம் கண்டபோது குளிர் தாங்கவில்லை. நைனா தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டார். நைனாவின் பட்டாள நம்பர் வில்லை கோட்டுப் பையிலேயே போய்விட்டது. அடுத்த வாரம் நைனாவும் விழுந்தார், வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெகுநாள் பேச்சே இல்லை. பேச்சு வந்து பெயர் சொன்னபோது, அந்தப் பெயர் ஏற்கெனவே செத்திருந்தது.

"அப்ப அவன் வூட்டுல?" என்றார் சித்தப்பா.

எண்ணூரில் ஒருத்தி இத்தனை நாளும் பூ வைத்துக்கொண்டு, போணி செய்துகொண்டு இருந்திருக்கிறாள். அவள் வைத்திருந்தது அம்மாவின் பூ, அம்மாவின் போணி. என் ஒரு பேச்சில் இரண்டு பேரும் இடம் மாறியிருந்தார்கள். எனக்கு அது அப்போது புரிந்தது என்று சொன்னால் நம்பாதீர்கள். மடியிலிருந்து எப்படி இறங்குவது என்பதுதான் என் யோசனை.

நாட்டார் தாடியைத் தடவிக்கொண்டு கன்னிமார் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா மட்டும் பேசினாள், சாதாரணமாக, உப்பு போதுமா என்பதுபோல.

"வசம்புதான் கட்டுனேன்னு அன்னிக்கே சொன்னேன்."

பிறகு பந்திக்கு இலை போடப் போய்விட்டாள். அந்தக் குழப்பத்தில் "இவன் என் புள்ள" என்பதைச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். குப்பத்துச் சட்டப்படி நான் இன்றுவரை யாருக்கும் பிள்ளை இல்லை.

மறுநாள் விடியும்போது நைனா என்னைக் கூட்டிக்கொண்டு எண்ணூருக்குப் புறப்பட்டார். கரையோரமாகவே நடந்தோம். திருவொற்றியூர் தாண்டும் வரை அவர் முன்னால், நான் பின்னால். ஒரு இடத்தில் நின்று என்னைப் பார்க்காமலே, "கெட்டியா கட்டியிருக்கியா?" என்று கேட்டார். "கீது," என்றேன். கடல்பக்கம் நான் நடந்தேன், நிலத்துப்பக்கம் அவர். அலை காலில் படும்போதெல்லாம் வளையலை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டு விழுந்துவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அப்படிச் செய்யாதது நல்ல குணத்தால் அல்ல. முடிச்சு இறுகிவிட்டது, என் நகத்துக்கு வரவில்லை.

உப்பளத்துப் பக்கம் அந்தக் குப்பம். வீட்டு வாசலில் ஒரு பெண் மீனைக் கீறி உப்பு தடவிப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தாள். தலையில் கனகாம்பரம். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் குச்சியால் காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தது. நாலு வயசு இருக்கும். நைனா நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"யாருங்க?" என்றாள் அவள்.

"ராயபுரம். ஒங்க வூட்டுக்காரரு கூட பஸ்ராவுல இருந்தேன்."

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். நைனாவுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று கரையைப் பார்த்தாள். அங்கே நான்தான் இருந்தேன்.

"இது யாரு, ஒங்க புள்ளயா?"

"ஆமா," என்றார் நைனா. பிறகு என்னைப் பார்த்து, "குடு," என்றார்.

முடிச்சு அவிழவில்லை. நைனா குனிந்து, பல்லால் இழுத்து அவிழ்த்தார். அவர் மொட்டைத் தலை என் வயிற்றில் இடித்தது. வளையலை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் உடைந்த சோழியைப் பார்த்தாள். விரலை மூடினாள், திறந்தாள். அழுவாள் என்று நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் அழுதால் அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிடும். அவள் அழவில்லை.

"எப்போ?" என்றாள்.

"போன மழைக்கு முந்தி."

"போன மழைக்கு முந்தியா?" அவள் கை தானாகத் தலைக்குப் போய்ப் பூவைத் தொட்டது. "இத்தினி நாளு இது எங்க இருந்துச்சு?"

நான் மணலைப் பார்த்தேன். கட்டைவிரலால் ஒரு குழி தோண்டினேன். குழியில் தண்ணீர் ஊறியது.

"எங்கிட்டதான்," என்றார் நைனா.

"வந்து சொல்ல இத்தினி நாளா?"

"ஆமா."

அவள் அவரை வைதாள். மெதுவாகத்தான் வைதாள், மனுஷனா நீ என்றாள், உனக்கும் பிள்ளை இருக்கிறதே என்றாள், உன் பெண்சாதி பூ வைத்துக்கொண்டிருக்கிறாளா என்று கேட்டாள். நைனா எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டார். ஏணையில் கிடந்தபோது இருந்த அதே முகம். சின்னப் பெண் அம்மாவின் கையிலிருந்து வளையலைப் பிடுங்கிக் கையில் மாட்டப் பார்த்தது. நாலு விரலைக்கூடத் தாண்டவில்லை. கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, காக்காய் பக்கம் ஆட்டியது. காக்காய் ஒரு மீனை எடுத்துக்கொண்டு போனது. யாரும் விரட்டவில்லை.

நாங்கள் திரும்பினோம். அவள் தண்ணீர்கூடக் குடிக்கச் சொல்லவில்லை, சொல்லவேண்டியதும் இல்லை. மணல் சுட ஆரம்பித்துவிட்டது. என் இடுப்பில் அரைஞாண் கயிறு லேசாகிவிட்டிருந்தது. அவ்வளவு லேசாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நைனா தன் துண்டை எடுத்து என் தலையில் போட்டார், போட்டது என் தலையில்தான் என்று அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

ஒரு நல்ல பிள்ளையாக இருந்தால் அவர் எனக்காக வாங்கிக்கொண்ட வசவைப் பற்றிப் பேசியிருப்பேன். நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நடந்துகொண்டு, கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"நைனா, நீ போறப்ப என்னுது இன்னா எடுத்துகினு போன?"

"ஒன்னியும் இல்ல. நட."